தேய்மானக் கணக்கு

கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஆடுகிறவர்கள் இரண்டு கட்சி.

முதல் கட்சிக்குக் கார் ஒரு பொம்மை. சுவரில் மோதலாம். பள்ளத்தில் விழலாம். தலைகீழாகக் கவிழலாம். இரண்டு விநாடியில் புத்தம்புதுக் கார் ஒன்று நடுரோட்டில் வந்து நிற்கும். மறுபடி மிதிக்க வேண்டியதுதான்.

இரண்டாவது கட்சி கொஞ்சம் விசித்திரமானது. ரேஸுக்கு முன்னால் ஆயில் சூடாகட்டும் என்று மெதுவாக ஒரு சுற்று போவார்கள். கியர் மாற்றும்போது காதைத் தீட்டிக்கொள்வார்கள். இன்ஜின் கொஞ்சம் உச்சஸ்தாயிக்குப் போனால் தொட்டில் குழந்தை அழுத மாதிரிப் பதறுவார்கள். இத்தனைக்கும் அப்படி ஒரு இன்ஜின் எங்கேயும் இல்லை. இரும்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. எல்லாம் வெறும் எண்கள்.

நான் இரண்டாவது கட்சி. காரணம், நான் படித்தது பி.காம்.

சிரிக்காதீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

பி.காம். படித்தவர்கள் எல்லோரும் முதல் வருடத்தில் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அதற்குப் பெயர் தேய்மானம். ஒரு கம்பெனி 1 லட்சம் ரூபாய்க்கு மிஷின் வாங்குகிறது. முழுப் பணத்தையும் அன்றைக்கே கொடுத்தாகிவிட்டது. மிஷினுக்கு ஆயுள் 10 வருடம் என்று வைத்தால், வருடா வருடம் 10,000 ரூபாயைச் செலவு என்று எழுதச் சொல்வார்கள். பத்துப் பைசாகூட வெளியே போகவில்லை, ஆனாலும் செலவு. ‘அதெப்படி சார்?’ என்று வகுப்பில் ஒருவன் கேட்பான். எல்லா வருடமும், எல்லாக் கல்லூரியிலும், கடைசி பெஞ்சில் அப்படி ஒருவன் இருப்பான் என்று நினைக்கிறேன். எங்கள் அக்கவுன்டன்சி வாத்தியார் சொன்ன பதில் இதுதான்: “ஓடினா தேயும். தேஞ்சா செலவு. காசு எப்ப குடுத்தாங்கறது வேற கதை.”

இதையே படித்தவர்கள் பாஷையில் சொன்னால், செலவை அது கையை விட்டுப் போன நாளில் எழுதக் கூடாது, உண்டான நாளில் எழுத வேண்டும். மொத்த வணிகவியலிலும் எனக்கு உருப்படியாக மனத்தில் நின்றது இந்த ஒரு விஷயம்தான். கார் ரேஸ் விளையாட்டுகளில் எனக்குப் பிடித்ததும் இதே விஷயம்தான்.

ஆரம்ப கால விளையாட்டுகளில் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. 1982-ல் ஜப்பானின் நாம்கோ கம்பெனி ‘போல் பொசிஷன்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. காசு போட்டு ஆடுகிற பெட்டி. இரண்டே கியர். மோதினால் கார் வெடித்துச் சிதறும், அடுத்த நிமிடம் ஜம்மென்று முழுசாக வந்து நிற்கும். 1986-ல் சேகாவின் ‘அவுட் ரன்’. சிவப்பு ஃபெராரி, பக்கத்து ஸீட்டில் ஒரு பெண், கடற்கரைச் சாலை. கவிழ்ந்தால் இரண்டு பேரும் தூக்கி எறியப்படுவார்கள், எழுந்து உட்கார்ந்து மறுபடி கிளம்பிவிடுவார்கள். இன்ஜினுக்கும் மனிதர்களுக்கும் ஞாபகம் என்பதே இல்லாத உலகம். அதுவும் ஒரு சுகம்தான், மறுக்கவில்லை.

அப்புறம் ‘நிஜம் மாதிரியே’ என்று சொல்லிக்கொள்ளும் விளையாட்டுகள் வந்தன. 1997-ல் ப்ளேஸ்டேஷனுக்கு வந்த ‘கிரான் டூரிஸ்மோ’ ஓட்டத்தில் நிஜம், சேதத்தில் கற்பனை. எவ்வளவு வேகத்தில் சுவரில் இடித்தாலும் ஒரு கீறல் விழாது. 1998-ல் அமெரிக்காவின் பாப்பிரஸ் கம்பெனி ‘கிராண்ட் ப்ரீ லெஜண்ட்ஸ்’ என்று ஒரு விளையாட்டை விட்டது. 1967-ம் வருட ஃபார்முலா ஒன் ஸீசனை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் முயற்சி. வாங்கிய பலர் முதல் வளைவைக்கூடத் தாண்ட முடியாமல் திணறினார்கள். அதில் தப்பான கியரைப் போட்டு இன்ஜினை அலறவிட்டால் பின்னாலிருந்து புகை வரும். அவ்வளவுதான், ரேஸ் முடிந்தது. காரை ஓரங்கட்டிவிட்டு மற்றவர்கள் போவதை வேடிக்கை பார்க்கலாம்.

அது ஏன் அப்படி வெடிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இன்ஜினுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். பயப்படாதீர்கள், கால்குலேட்டர் போதும்.

இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. 6,000 ஆர்.பி.எம். என்றால் விநாடிக்கு 100 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அது மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை நின்று திரும்ப வேண்டும். அதாவது விநாடிக்கு 200 தடவை சடன் பிரேக். ஒரு சாதாரண கார் இன்ஜினில், பிஸ்டன் 400 கிராம், அது போய் வரும் தூரம் 86 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், மேலே போய்த் திரும்புகிற அந்தக் கணத்தில் அதைப் பிடித்து இழுக்கிற கம்பிக்கு, அதாவது கனெக்டிங் ராடுக்கு, சுமார் 900 கிலோ பாரம். 400 கிராம் சாமானுக்கு 900 கிலோ! அதுவும் விநாடிக்கு நூறு தடவை.

வில்லங்கம் அடுத்ததில்தான். சுழலும் வேகம் 6,000-லிருந்து 9,000 ஆகிறது. ஒன்றரை மடங்கு. பாரமும் ஒன்றரை மடங்கு ஏறும் என்றுதானே நினைப்போம்? இல்லை. அது இரண்டேகால் மடங்கு ஏறுகிறது. வேகத்தின் வர்க்கத்துக்குத் தக்கபடி ஏறுவது அதன் சுபாவம். 900 கிலோ இப்போது 2,000 கிலோ. கந்துவட்டிகூட இவ்வளவு அவசரப்படாது.

வால்வுகளின் கதை இன்னும் பரிதாபம். வால்வைத் திறப்பதற்குக் கேம் ஷாஃப்ட் இருக்கிறது. மூடுவதற்கு ஸ்ப்ரிங் மட்டும்தான். ஸ்ப்ரிங்குக்கு ஒரு வேகம் உண்டு, அதற்கு மேல் அதால் முடியாது. வால்வு முழுசாக மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்துவிடும். ஒரு முட்டு. வால்வு வளைந்துவிடும். அப்புறம் மெக்கானிக் ஷாப்பில் நாம் எல்லோரும் பயப்படுகிற அந்த வாசகம்: “இன்ஜினை இறக்கணும் சார்.”

இதைத் தடுக்கத்தான் இந்தக் காலக் கார்களில் ரெவ் லிமிட்டர் வைத்திருக்கிறார்கள். நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் பெட்ரோலை நிறுத்திவிடும். அப்படியானால் என்ன கவலை என்று கேட்பீர்கள். கவலை இதுதான்: வாட்ச்மேன் வாசலில் நிற்கிறார், திருடன் கொல்லைப்புறமாக வருகிறான்.

மூன்றாவது கியரில் 6,500-ல் போய்க்கொண்டிருக்கிறீர்கள். நான்காவதுக்குப் போகிற அவசரத்தில் கை தவறி இரண்டாவதில் விழுகிறது. கிளட்சை விடுகிறீர்கள். இப்போது இன்ஜின் சக்கரத்தைச் சுற்றவில்லை. சக்கரம் இன்ஜினைச் சுற்றுகிறது. மூன்றாவது கியரின் விகிதம் 1.4, இரண்டாவதின் விகிதம் 2 என்றால், அந்த நொடியில் இன்ஜின் 9,200-ஐத் தாண்டிவிடும். லிமிட்டர் பெட்ரோலை நிறுத்தி என்ன பயன்? பின்னால் ஒரு டன் இரும்பு அல்லவா தள்ளிக்கொண்டு வருகிறது! இந்தக் கை தவறலுக்கு அமெரிக்கக் கார்ப் பிரியர்கள் வைத்த பெயர் ‘மணி ஷிஃப்ட்’. பணக் கியர். பி.காம். படித்தவர் யாராவது வைத்த பெயராகத்தான் இருக்கும்.

இப்படிப் போய் வந்த இன்ஜின் உடனே செத்துவிட்டால்கூடத் தேவலை. பல சமயம் சாகாது. நல்ல பிள்ளையாக ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு போல்ட் தலைமுடி அகலம் நீண்டிருக்கும். ஒரு பேரிங் லேசாக உரசியிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. பில் தயாராகிவிட்டது, கைக்குத்தான் இன்னும் வரவில்லை.

இந்த வராத பில்லை ஒரு விளையாட்டு எப்படி எழுதி வைக்கும்?

2005-ல் அமெரிக்காவில் இமேஜ் ஸ்பேஸ் என்ற கம்பெனி ‘ஆர்ஃபேக்டர்’ என்று ஒரு விளையாட்டை வெளியிட்டது. அதில் ஒவ்வொரு காரின் இன்ஜினுக்கும் ஒரு ஃபைல் உண்டு. வெறும் எழுத்தும் எண்ணும்தான், நோட்பேடில் திறந்து படிக்கலாம். அதில் இன்ஜினின் ஆயுள் என்று ஒரு வரி இருக்கிறது. கூடவே இரண்டு எண்கள். முதல் எண், இந்த வேகம் வரைக்கும் பிரச்னையில்லை என்பது. இரண்டாவது எண், அதற்கு மேல் இத்தனை ஆர்.பி.எம். ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது. ஆயில் சூட்டுக்கும் இதே மாதிரி இரண்டு எண்கள்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது பழைய சினேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது. இது சுத்தமான தேய்மானக் கணக்கு. நம் வசதிக்கு ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். அடிப்படை 7,000. பாதியாகிற அளவு 300. நீங்கள் 7,300-ல் ஒரு நிமிடம் ஓட்டினால், கணக்கில் இரண்டு நிமிடம் கழியும். 7,600-ல் ஓட்டினால் நான்கு. 7,900-ல் எட்டு. மேலே சொன்ன பணக் கியரில் 9,200-ஐத் தாண்டி ஒரே ஒரு விநாடி இருந்தால், இன்ஜினின் ஆயுளிலிருந்து மூன்று நிமிடத்துக்கு மேல் காலி. திரையில் ஒன்றுமே தெரியாது. புகை வராது, சத்தம் மாறாது. கணக்குப் புத்தகத்தில் மட்டும் ஒரு வரி ஏறும்.

அதே ஃபைலில் இன்னொரு எண்ணும் உண்டு. சராசரி ஆயுளிலிருந்து இன்ஜினுக்கு இன்ஜின் இவ்வளவு கூடலாம், குறையலாம் என்று சொல்கிற எண். அதிர்ஷ்டத்தின் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு எழுதியவர்கள் அனுபவஸ்தர்கள்.

‘இப்படிப் பார்த்துப் பார்த்து ஓட்டினால் ஜெயிப்பது எப்போது?’ என்று முதல் கட்சிக்காரர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு 1967-ஐப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த வருடம் ஜூன் 4-ம் தேதி, ஹாலந்தில் ஸாண்ட்வூர்ட் பந்தயத்தில், லோட்டஸ் 49 என்ற புதுக் கார் புது காஸ்வொர்த் இன்ஜினுடன் முதல் முறையாக ஓடியது. முதல் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க் ஜெயித்தார். அன்று தொடங்கி ஸீசன் முடிகிற வரை 9 பந்தயங்கள். ஒன்பதிலும் முதல் வரிசையில் முதல் இடத்தில் நின்று கிளம்பியது லோட்டஸ்தான். கிளார்க் ஆறு தடவை, அவருடைய சகா கிரஹாம் ஹில் மூன்று தடவை. வேகத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளே இல்லை.

சாம்பியன் பட்டம் யாருக்குப் போனது? நியூஸிலாந்துக்காரர் டென்னி ஹல்ம் என்பவருக்கு. அவர் ஓட்டியது பிராபம் கார், ஆஸ்திரேலியாவின் ரெப்கோ இன்ஜின். காஸ்வொர்த்தைவிடச் சக்தி குறைவு. எளிமையான இன்ஜின், ஆனால் தாங்கும். ஹல்ம் அந்த வருடம் ஒரு தடவைகூட முதல் இடத்திலிருந்து கிளம்பவில்லை. ஜெயித்தது இரண்டே பந்தயம். ஆனால் 11 பந்தயங்களில் எட்டில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். மொத்தம் 51 புள்ளி. நான்கு பந்தயம் ஜெயித்த கிளார்க்குக்கு 41 புள்ளி, மூன்றாவது இடம். இத்தனைக்கும் கிளார்க் மிஷினைப் பூப்போல வைத்து ஓட்டுகிறவர் என்று பெயர் எடுத்தவர். அவருடைய காரே புதுசு, வழியில் ஏதாவது ஒன்று உடைந்துகொண்டிருந்தது. இத்தாலியின் மோன்ஸாவில் ஹில் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தபோது இன்ஜின் போனது. பிரான்ஸில் இரண்டு லோட்டஸும் பாதியில் நின்றன. ஜெயித்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் கிளார்க் பெரிய ஆள். முடித்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் ஹல்ம்.

அதற்கப்புறமும் ஃபார்முலா ஒன் உலகம் பாடம் கற்றுக்கொள்ள அவசரப்படவில்லை. 1980-களில் டர்போ காலத்தில், முதல் இடம் பிடிப்பதற்கான தகுதிச் சுற்றுக்கென்றே தனி இன்ஜின் வைத்திருந்தார்கள். சில சுற்றுகள் ஓடினால் போதும், அப்புறம் அது செத்தாலும் கவலையில்லை என்று தயாரித்த இன்ஜின்கள். மறுநாள் பந்தயத்துக்கு வேறு இன்ஜின். நாளைக்கு இந்த இன்ஜின் நம்முடையது இல்லை என்று தெரிந்துவிட்டால் யார்தான் மிதிக்க மாட்டார்கள்? நாமே வாடகைக் காரை எப்படி ஓட்டுகிறோம், சொந்தக் காரை எப்படி ஓட்டுகிறோம்!

2004-ல்தான் இதற்கு ஒரு சட்டம் வந்தது. ஒரு பந்தயத்தின் மூன்று நாளுக்கும் ஒரே இன்ஜின். மாற்றினால் பத்து இடம் பின்னால் நின்று கிளம்ப வேண்டும். 2005-ல் இரண்டு பந்தயத்துக்கு ஒரே இன்ஜின் என்றார்கள். 2007-ல் 19,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் போகக் கூடாது என்று கோடு கிழித்தார்கள். 2009-ல் கோடு 18,000-க்கு இறங்கியது, ஒருவருக்கு ஸீசன் முழுவதற்கும் 8 இன்ஜின்தான் என்றும் ஆனது. 2018-ல் அந்த எண்ணிக்கை மூன்று வரை இறங்கியது. மார்ச்சில் முறுக்கிய முறுக்குக்கு ஜூனில் பதில் சொல்ல வேண்டும் என்றதும், அத்தனை பேரும் பொறுப்பாகிவிட்டார்கள். புத்தர் ஆகிவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. பில் தங்கள் பெயருக்கே வரும் என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

சட்டம் வந்தால் சந்தும் வரும். 2005 மார்ச் மாதம், மெல்போர்ன். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் முதல் முறையாக ஃபார்முலா ஒன் ஓட்டினாரே, அதே பந்தயம். ஒரே இன்ஜின் இரண்டு பந்தயம் ஓட வேண்டும் என்ற சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. பந்தயத்தை முடிக்காத கார் அடுத்த பந்தயத்துக்குப் புது இன்ஜின் போட்டுக்கொள்ளலாம். பி.ஏ.ஆர். என்ற அணிக்கு அன்று எப்படியும் புள்ளி கிடைக்கப் போவதில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கடைசிச் சுற்றில், கோட்டைத் தாண்டுவதற்கு முன்னால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டு கார்களையும் உள்ளே கூப்பிட்டு நிறுத்திவிட்டார்கள். முடிக்கவில்லை, ஆகவே புது இன்ஜின்! ஆடிட்டர்கள் எழுந்து நின்று கை தட்ட வேண்டிய வேலை. இரண்டு வாரம் கழித்து மலேசியா. அந்த அணியின் இரண்டு கார்களும் பந்தயம் தொடங்கிய சில சுற்றுகளுக்குள் இன்ஜின் போய் நின்றன.

இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம். எங்கள் வீட்டு விவகாரத்துக்கு வருகிறேன்.

என் அக்கா பையன் கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் படிக்கிறான். அவன் வழியாகத்தான் இந்தப் பைத்தியம் எனக்கு முற்றியது. சாப்பாட்டு மேஜையில் ஸ்டீயரிங்கை க்ளாம்ப் போட்டு மாட்டி, கீழே பெடல்களை வைத்து, நான் உட்கார்ந்தால் வீட்டில் யாரும் அன்றைக்கு மேஜையில் சாப்பிட முடியாது. “லைசென்ஸ் இருக்குல்ல, வெளியே போய் ஓட்டறதுக்கென்ன” என்பார் மனைவி. நியாயமான கேள்வி. வெளியே போய் ஓட்டினால் மணிக்கு 20 கிலோமீட்டர்தான் முடிகிறது.

ஒரு சனிக்கிழமை ராத்திரி, ஆறு மணி நேரப் பந்தயம் ஒன்று. ஒரே கார், மூன்று டிரைவர். ஒருவர் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு, பிட்டில் நிறுத்தி, அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். முதலில் அக்கா பையன். அப்புறம் நான். கடைசியில் அவனுடைய காலேஜ் நண்பன். அவரவர் வீட்டில் அவரவர் கம்ப்யூட்டர், ஆனால் கார் ஒன்றுதான். ஒருவர் தேய்த்த டயரையும் பிரேக்கையும் இன்ஜினையும் அடுத்தவர் வாங்கிக்கொள்ள வேண்டும். மோட்டார் பந்தயத்தில் 24 மணி நேர லெ மான் மாதிரி.

பையன் பிரமாதமாக ஓட்டினான். முன்னால் போகிற காரை விடாமல் துரத்தி, அவனுடைய நேரம் முடிவதற்குள் பிடித்துத் தாண்டிவிட்டான். எங்கள் மூவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த இரண்டு மணி நேரம் நான். என் ஓட்டத்தில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. வாங்கிய இடத்திலேயே காரை வைத்திருந்து, பத்திரமாகக் கைமாற்றினேன். கடைசியாக நண்பன் ஏறினான். அமைதியான பையன். அதிர்ந்து ஒரு கியர் மாற்ற மாட்டான். அவன் ஓட்ட ஆரம்பித்து ஒரு மணி பத்து நிமிடம் ஆகியிருக்கும். நேர் ரோடு, எந்த வில்லங்கமும் இல்லாத இடம். திடீரென்று புகை. இன்ஜின் போய்விட்டது.

ஹெட்போனில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் அக்கா பையன் வெடித்தான்.

“என்னடா பண்ணின? நேர் ரோட்டுல எப்படிடா இன்ஜின் போகும்?”

“தெரியலடா. நான் ஒண்ணும் பண்ணல... சாரி மச்சி. சாரி அங்கிள்.”

அந்தச் ‘சாரி அங்கிள்’ எனக்குள் ஏதோ செய்தது. பையன் குரல் கம்மியிருந்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் மூன்று பேர் உழைத்ததைத் தான் கெடுத்துவிட்டோம் என்று நம்பிவிட்டான். விளையாட்டுதானே என்று நீங்கள் சொல்லலாம். ராத்திரி ஒன்றரை மணிக்கு இருபது வயதுப் பையனிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

மறுநாள் காலையில் அக்கா பையனைக் கூப்பிட்டேன். பந்தயத்தின் பதிவு முழுவதும் கம்ப்யூட்டரில் இருக்கும். எந்த விநாடியில் எந்தக் கியர், எத்தனை ஆர்.பி.எம். என்று கோடு கோடாகப் பார்க்கலாம். “நேத்து ரேஸோட பதிவை எடுடா, சும்மா பார்ப்போம்” என்றேன்.

நண்பனின் ஓட்டத்தில் ஒரு இடத்தில்கூடக் கோடு சிவப்பைத் தொடவில்லை. என்னுடையதும் அப்படியே. அக்கா பையனின் முதல் ஒன்றரை மணி நேரமும் சுத்தம். அந்தத் துரத்தல் ஆரம்பித்த இடத்திலிருந்து படம் மாறியது. ஒரு கொண்டை ஊசி வளைவு. அங்கே பிரேக்கை மிதித்ததும், வேகம் குறைவதற்குள்ளேயே இரண்டாவது கியருக்கு இறக்கியிருக்கிறான். அப்படிச் செய்தால் இன்ஜினும் சேர்ந்து பிரேக் பிடிக்கும், வளைவில் நாலு அடி மிச்சமாகும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் கோடு ஊசி மாதிரி மேலே எழும்பி நின்றது. இருபது சுற்றுக்கு மேல். ஒவ்வொரு ஊசிக்கும் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று ஆயுள் கழிந்திருக்கும். கூட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கிட்டே வந்தது. ஆறு மணி நேரத்தைத் தாண்டியிருக்க வேண்டிய இன்ஜின் ஐந்து மணி பத்து நிமிடத்தில் போனதற்கு இது போதும்.

பையன் ரொம்ப நேரம் திரையைப் பார்த்தபடி இருந்தான். “லக்கும் ஒரு காரணம்தானே மாமா?” என்றான். அந்த ஃபைலில் இருக்கும் மூன்றாவது எண்ணை அவனும் படித்திருக்கிறான். “காரணம்தான்” என்றேன். நான் வேறு எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: “இல்ல மாமா. அது அப்பவே போயிடுச்சு. அவன் கையில வந்து நின்னுச்சு, அவ்வளவுதான்.”

போனை வைத்துவிட்டு நேரே நண்பனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறான். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கு முழுக்க எனக்கு இதே யோசனை. விளையாட்டில் ஒரு பதிவு இருந்தது, எடுத்துப் பார்த்தோம். வெளியே அப்படி ஒன்று இருக்கிறதா?

பழைய கார் வாங்கப் போனால் புரோக்கர் சொல்கிற முதல் வசனம், “டாக்டர் ஓட்டின வண்டி சார், சிங்கிள் ஓனர்.” இந்த ஊரில் விற்பனைக்கு வருகிற கார்களின் எண்ணிக்கையைப் பார்த்தால், டாக்டர்கள் எல்லோரும் வைத்தியத்தை விட்டுவிட்டு வண்டிதான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்களோ என்று சந்தேகம் வரும். மீட்டரில் 40,000 கிலோமீட்டர் என்று இருக்கும். அந்த மீட்டர் தூரத்தை மட்டும்தான் எண்ணுகிறது. எப்படி ஓட்டினார்கள் என்று எண்ணுவதில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் உறுமவிட்டவரும், இரண்டு நிமிடம் பொறுத்தவரும் அந்த மீட்டருக்கு ஒன்றுதான். தப்பான கியரில் ஒரு தடவை அலறியது யாருக்கும் தெரியாது. வாங்கியவர் கையில் ஒரு நாள் இன்ஜின் நிற்கும்போது, ‘உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியலை’ என்று அவருக்குத்தான் பெயர் வரும்.

சில கார்களில் நிலைமை வேறு. போர்ஷே 911 கார்களில் உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர், இன்ஜின் எல்லை மீறிய ஒவ்வொரு தடவையையும் குறித்து வைத்துக்கொள்கிறது. எவ்வளவு மீறியது என்று ஆறு வரிசையாகப் பிரித்து, இன்ஜின் ஓடிய எத்தனையாவது மணி நேரத்தில் அது நடந்தது என்பதையும் சேர்த்து எழுதி வைக்கிறது. வெளிநாடுகளில் பழைய போர்ஷே வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த அறிக்கையைத்தான் கேட்கிறார்கள். டாக்டர் ஓட்டினாரா, டாக்டர் மகன் ஓட்டினானா என்பது அதில் தெரிந்துவிடும்.

நம் மெக்கானிக்குகளுக்கு அந்த அறிக்கை தேவைப்படுவதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்கவே மாட்டார். டிப் ஸ்டிக்கை உருவி, ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்துவிட்டு, “வீட்ல யார் யார் சார் ஓட்டறாங்க?” என்று மட்டும் கேட்பார்.

ஆனால் வண்டியைத் தவிர மற்றவற்றுக்கு அப்படி ஒரு கம்ப்யூட்டரும் இல்லை, விரலால் தேய்த்துப் பார்க்கிற மெக்கானிக்கும் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று வருடம் லிஃப்ட்டுக்கு சர்வீஸ் செய்யாமல் மிச்சம் பிடித்த கமிட்டிக்குப் பாராட்டு. நாலாவது வருடம் வந்த கமிட்டியின் காலத்தில் லிஃப்ட் நடுவில் நின்றால், திட்டு இவர்களுக்கு. ஆபீஸில் ஆட்களைப் பிழிந்தெடுத்து இலக்கை எட்டியவர் பதவி உயர்வோடு வேறு ஊருக்குப் போய்விடுவார். அவர் போன ஆறாவது மாதம் நாலு பேர் ராஜினாமா கடிதம் கொடுப்பார்கள், புதிதாக வந்தவர்தான் மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். உடையும்போது யார் கையில் இருந்தது என்று பார்ப்பது சுலபம். அது கண்ணுக்குத் தெரியும். யார் தேய்த்தார்கள் என்று பார்க்கப் பழைய நோட்டைப் புரட்ட வேண்டும். அதற்கு யாருக்கும் பொறுமை இல்லை, பல இடங்களில் நோட்டே இல்லை.

அதற்காக முறுக்கவே கூடாதா? கூடும். பந்தயம் என்றால் துரத்தத்தான் வேண்டும். அக்கா பையன் அன்று அந்தக் காரைத் தாண்டியது எங்கள் மூவருக்கும் பெருமைதான், அதில் தப்பில்லை. செலவு செய்வது தப்பு என்று எந்தக் கணக்கு வாத்தியாரும் சொல்வதில்லை. செய்த செலவை எழுதி வை என்கிறார்கள், அவ்வளவுதான்.

பையன் அதைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் நாங்கள் மூன்று பேரும் இன்னும் நாலைந்து நீளப் பந்தயங்கள் ஓடிவிட்டோம். இப்போது வண்டியைக் கைமாற்றும்போது அவன் ஒரு பழக்கம் வைத்திருக்கிறான். பிட்டுக்குள் நுழைகிற அந்த அரை நிமிடத்தில் ஹெட்போனில் ஒப்பிப்பான்: “டயர் பரவாயில்ல. பிரேக் முன்னாடி கொஞ்சம் தேஞ்சிருக்கு. ரெண்டு தடவை சிவப்புக்குப் போச்சு, என்னாலதான். ஒரு ஐநூறு கம்மியாவே மாத்திக்கோ.”

நண்பன் “சரிடா” என்று சொல்லிவிட்டு, ஐநூறு குறைவாகவே கியர் மாற்றி ஓட்டுகிறான். சுற்றுக்கு அரை விநாடி போகிறது. வண்டி வீடு வந்து சேர்கிறது.